வாழ்நாள் பட்டியலில் இன்றைய பாடம் எது?

ஒவ்வொரு மனிதரின் உள்ளத்திலும் எழுதப்படாத பட்டியல் ஒன்று இருக்கிறது. ஹஜ் செய்ய வேண்டும்; சிறியதாயினும் சொந்த வீடு கட்ட வேண்டும்; திருக்குர்ஆனை ஒருமுறையேனும் பொருளுணர்ந்து முழுமையாக ஓதி முடிக்க வேண்டும்; பாதியில் நின்ற படிப்பைத் தொடர வேண்டும்; பல ஆண்டுகளாகப் பேசாதிருக்கும் தம்பியின் வீட்டுக்கு ஒருநாள் போக வேண்டும். இப்படி நீண்டுகொண்டே போகும் அப்பட்டியல். வயது ஏற ஏற அது வளருமே அன்றிக் குறைவதில்லை.

அன்பார்ந்த வாசகர்களே! சென்ற ஆண்டு உங்கள் பட்டியலில் இருந்தவற்றுள் எத்தனை இவ்வாண்டில் நிறைவேறின என்று சற்றே எண்ணிப் பாருங்கள். விடை மகிழ்ச்சி தருமாயின் இக்கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. பக்கத்தைப் புரட்டி அடுத்ததற்குச் சென்றுவிடலாம். பெருமூச்சு வருமாயின், சற்று அமர்ந்து படியுங்கள்.

இத்தகைய பட்டியலை முறையாக எழுதி வைத்து, அதனோடு எழுபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1940-ஆம் ஆண்டு ஜான் கொடார்ட் என்னும் 15 வயதுச் சிறுவன் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அமர்ந்தான். அவனுக்குத் தெரிந்த பெரியவர்கள் எல்லாரும், 'இளமையில் அதைச் செய்திருக்கலாமே, இதைச் செய்திருக்கலாமே' என்று அங்கலாய்ப்பதையே அவன் கேட்டு வளர்ந்திருந்தான். தனக்கும் அந்த நிலை வரக்கூடாது என்று எண்ணியவன், தன் வாழ்நாளில் செய்ய விரும்புபவற்றை ஒவ்வொன்றாக எழுதினான். எழுதி முடித்தபோது 127 சேர்ந்திருந்தன.

அவற்றில் பெரியவையும் உண்டு, சிறியவையும் உண்டு, வேடிக்கையானவையும் உண்டு. நைல், அமேசான், காங்கோ நதிகளை ஆராய வேண்டும். எவரெஸ்ட், கிளிமஞ்சாரோ சிகரங்களில் ஏற வேண்டும். தாஜ்மஹாலைக் காண வேண்டும். விமானம் ஓட்டப் பழக வேண்டும். பிரெஞ்சும் ஸ்பானிஷும் அரபியும் கற்க வேண்டும். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தை முழுவதும் படிக்க வேண்டும். தட்டச்சில் நிமிடத்துக்கு 50 சொற்கள் அடிக்க வேண்டும். நச்சுப் பாம்பிலிருந்து நஞ்சு கறக்க வேண்டும். ஒரு நூல் எழுத வேண்டும். பட்டியலின் கடைசி மூன்றும் சுவையானவை. சந்திரனுக்குச் செல்ல வேண்டும்; திருமணம் செய்து பிள்ளைகள் பெற வேண்டும்; இருபத்தோராம் நூற்றாண்டைக் காணும் வரை வாழ வேண்டும். சந்திரனுக்குப் போய்வந்த பிறகுதான் திருமணம் என்று அந்தச் சிறுவன் வரிசைப்படுத்தியிருப்பது, நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும்.

இத்தகைய பட்டியலை அந்த வயதில் எத்தனையோ சிறுவர்கள் எழுதியிருப்பார்கள். எழுதியது பெரிதன்று. அடுத்து அவர் என்ன செய்தார் என்பதே நாம் பார்க்க வேண்டியது. நைலுக்கும் எவரெஸ்டுக்கும் செல்லப் பணம் வரட்டும், வயது வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பட்டியலிலேயே அயல்நாடு செல்லாமல் செய்யக்கூடியதிலிருந்து தொடங்கினார். தமது நாட்டிலேயே உள்ள ஓக்கிஃபினோக்கி, எவர்கிளேட்ஸ் என்னும் சதுப்பு நிலங்கள் அதில் இருந்தன. 16-ஆம் வயதில் தம் தந்தையாருடன் அங்கே சென்று வந்தார். அதுவே பட்டியலில் நிறைவேறிய முதல் செயல். மகன் கிறுக்கிய தாளைப் பார்த்து நகைக்காமல் உடன் சென்ற அந்தத் தந்தையையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நைல் நதிக்கு அவர் சென்றது 1950-இல். எழுதிப் பத்தாண்டுகள் கழித்து. இரண்டு பிரெஞ்சு நண்பர்களுடன், ஆளுக்கொரு சிறு துடுப்புப் படகில், நதியின் மூலப் பகுதியிலிருந்து மத்தியதரைக் கடல் வரை 4,000 மைல்களுக்கு மேற்பட்ட தொலைவை அடுத்த ஆண்டில் கடந்து முடித்தார். அந்த ஒரு பயணம் பட்டியலின் பல வரிகளுக்கு விடையாயிற்று என்பதைக் கவனியுங்கள். நதியை ஆராய்ந்தாயிற்று. அதைப் பற்றி எழுதிய கட்டுரை 1955-இல் நேஷனல் ஜியோகிராபிக் இதழில் வெளிவந்தது. அந்த இதழில் எழுத வேண்டும் என்பதும் பட்டியலில் இருந்த ஒன்றே. பின்னர் அப்பயணமே நூலாகவும் உருவெடுத்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் கூடவே நான்கு வருவதுபோல் அமைந்த வேலை எது என்று தேடிப் பிடிப்பதும் ஒரு திறமையேயாகும்.

விலையும் இருந்தது. காங்கோ நதிப் பயணத்தில் உடன் வந்த நண்பர் நீரில் மூழ்கி மாண்டார். ஆசைகளின் பட்டியல் ஆபத்துகளின் பட்டியலாகவும் மாறக்கூடும் என்பதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

1972-இல் லைஃப் என்னும் புகழ்பெற்ற இதழ் அவரைப் பற்றி எழுதியது. அப்போது அவருக்கு வயது 47. எழுதிய 127-இல் 103 நிறைவேறியிருந்தன. 2013-இல் தமது 88-ஆம் வயதில் காலமானார். இருபத்தோராம் நூற்றாண்டைக் கண்டார். எவரெஸ்டில் ஏறவில்லை, சந்திரனுக்குப் போகவில்லை. அந்த இரண்டும் நிறைவேறாமற் போனதால் அவர் பட்டியல் தோற்றது என்று யாரேனும் சொல்வார்களா?

நம் வீட்டுப் பட்டியல்

கொடார்டின் வரலாறு உற்சாகம் தருவது. ஆனால் அதை அப்படியே எடுத்து நம் குடும்பங்களில் வைத்துவிட முடியாது. அது தனியொரு இளைஞனின் பட்டியல். அதில் தங்கையின் திருமணம் இல்லை. தாயாரின் நீரிழிவு மருந்து இல்லை. வாங்கிய கடன் இல்லை. நம்மில் ஒருவர் துபாயிலோ சவூதியிலோ பத்தாண்டுகள் உழைத்தால், அந்தப் பத்தாண்டும் பிறருடைய பட்டியலை நிறைவேற்றுவதிலேயே கழிந்துவிடுகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. குடும்பத்தைத் தாங்குவதும் ஓர் இலட்சியமே. அதற்கும் இறைவனிடம் கூலி உண்டு. ஆயினும் தமக்கென ஒரு வரிகூட இல்லாமல் ஊர் திரும்பும் மனிதர், ஐம்பது வயதில் திண்ணையில் அமர்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்றிருக்கிறது. இல்லத்தரசியின் பட்டியல் என்னவென்று எந்த வீட்டிலாவது கேட்டதுண்டா? கணவரின் பட்டியல் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளின் பட்டியலை அவர்களே உரக்கச் சொல்லிவிடுகிறார்கள். உம்மாவுக்கு என்ன ஆசை என்று கேட்டால், 'நீங்களெல்லாம் நன்றாக இருந்தால் போதும்' என்றே விடை வரும். அது உண்மையான விடைதான். முழுமையான விடை அன்று. பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்ட அளவில் மதிப்பெண் பெற்றுவிட்டு, அவ்வாண்டே மணமாகி வந்த பெண்மணிகள் நம் தெருக்களில் எத்தனை பேர்! 'பிள்ளைகள் சற்றுப் பெரியவர்களாகட்டும்' என்று அவர்கள் தள்ளி வைத்தது, 'பேரப்பிள்ளைகள் சற்றுப் பெரியவர்களாகட்டும்' என்பது வரை வந்து நிற்கிறது. சகோதரர்களே, இன்றிரவு உணவுக்குப் பின் இந்தக் கேள்வியை ஒருமுறை கேளுங்கள். முதல் விடையோடு விட்டுவிடாமல், இரண்டாம் முறையும் கேளுங்கள்.

இன்னொரு குழப்பமும் நம்மிடம் உண்டு. தம்முடைய ஆசையைப் பிறருடைய பட்டியலில் எழுதி வைப்பது. மகன் மருத்துவராக வேண்டும் என்பது வாப்பாவின் பட்டியல். அதற்காக விழித்திருந்து படிக்க வேண்டியவன் மகன். அவன் கணக்கில் விருப்பமுள்ளவனாகவோ, வியாபாரத்தில் கூர்மையுள்ளவனாகவோ இருப்பான். பிள்ளைக்கு வழிகாட்டுவது பெற்றோர் கடமையே. ஆனால் தன்னால் செய்யக்கூடிய வேலை எதுவோ அதுவே ஒருவரின் சொந்தப் பட்டியலில் இடம்பெறத் தக்கது.

மூன்று வகை, மூன்று நடை

பட்டியல் ஏன் முன்னேறுவதில்லை? சோம்பல் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். என் எண்ணத்தில், எல்லா ஆசைகளையும் ஒரே வகையாகக் கருதுவதே பெரும்பாலான தேக்கத்துக்குக் காரணம். தாஜ்மஹாலைப் பார்ப்பது ஒருமுறை செய்து முடித்துவிடும் செயல். தேதி குறித்துப் பயணச்சீட்டு வாங்கினால் பாதி முடிந்தது. ஹஜ்ஜுக்குச் சேமிப்பதும் ஒரு மொழியைக் கற்பதும் அப்படியல்ல. துளித்துளியாகச் சேர வேண்டியவை. கோபத்தை அடக்குவது, வாக்குத் தவறாமல் இருப்பது போன்றவையோ என்றுமே முடியாதவை. வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவை. கொடார்டின் பட்டியலில் முதல் வகை மிகுதி. நம் பட்டியல்களில் பின்னிரு வகைகளே மிகுதி. அவற்றை 'ஒருநாள் செய்துவிடுவேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், அந்த ஒருநாள் வராது. ஏனெனில் ஒரே நாளில் செய்யக்கூடியவை அல்ல அவை.

துளித்துளியாகச் சேரும் வேலைக்கு, என் கண்முன் அன்றாடம் நடக்கும் ஒன்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அது ஹிஃப்ழ் மதரஸா. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் திருக்குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் ஏற்றுகிறான். முப்பது ஜுஸ்வுகள், 114 அத்தியாயங்கள், ஜுஸ்வு ஒன்றுக்கு ஏறத்தாழ 20 பக்கமாக, 600 பக்கங்களுக்குச் சற்று மேல். 'இதை மனனம் செய்' என்று மொத்தமாகக் கையில் கொடுத்தால் பெரியவர்களே மலைத்துவிடுவார்கள். சிறுவன் மலைப்பதில்லை. ஏனெனில் அவனிடம் யாரும் 600 பக்கங்களைப் பற்றிப் பேசுவதில்லை. 'இன்றைய சபக் எது?' என்று மட்டுமே உஸ்தாத் கேட்கிறார். அரைப் பக்கம், ஒரு பக்கம், அவ்வளவே.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்றால் இருபது மாதங்களில் முடிந்துவிட வேண்டுமே என்று கணக்குப் போடுவீர்கள். பெரும்பாலானோருக்கு அப்படி முடிவதில்லை. மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். காரணம், புதுப் பாடம் மட்டுமே ஒரு மாணவனின் வேலையன்று. சென்ற சில நாட்களில் மனனம் செய்ததைத் திரும்ப ஒப்பிக்க வேண்டும். அதற்கும் மேலாக, முன்பே முடித்த பழைய ஜுஸ்வுகளை முறை வைத்து ஓதிக் காட்ட வேண்டும். நாள் செல்லச் செல்லப் புதுப் பாடத்துக்கு ஆகும் நேரத்தைவிடப் பழைய பாடத்துக்கு ஆகும் நேரம் கூடிவிடுகிறது. புதிதாக ஓட விரும்பும் மாணவனைப் பிடித்து நிறுத்தி, 'நேற்றையதைச் சொல்' என்று கேட்பதே ஆசிரியர் பணியில் பெரும்பகுதி.

நம் ஆசைப் பட்டியல்களில் விடுபட்டுப் போவது இந்தப் பழைய பாடம்தான். ஆறு மாதம் நடைப்பயிற்சி செய்து எடையைக் குறைத்தவர், 'முடிந்தது' என்று பட்டியலில் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார். ஓராண்டில் எடை திரும்பி வந்துவிடுகிறது. ஆங்கிலம் பேசப் பழகிய இளைஞர் வகுப்பு முடிந்ததும் பேசுவதை நிறுத்திவிடுகிறார். உறவினரோடு சமாதானமான பெரியவர், அதன்பின் பெருநாளைக்குக்கூட அந்த வீட்டுப்படி ஏறுவதில்லை. அடைந்ததைக் காப்பதற்கும் பட்டியலில் ஓர் இடமும் வாரத்தில் ஒரு நேரமும் வேண்டும். அப்படி ஒதுக்கும்போது புதியவை சற்று மெதுவாகவே வரும். மெதுவாக வரட்டுமே! செயல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது, குறைவாயினும் இடைவிடாமல் செய்யப்படுவதே என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள நபிமொழியை நாம் அறிவோம். அறிந்தும், ரமலான் முதல் வாரத்தில் ஓட்டமாக ஓடிவிட்டு மூன்றாம் வாரத்தில் களைத்துவிடுகிறோம்.

பணம் சேர வேண்டிய ஆசைகளும் இப்படித்தான். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ உறவினர் உள்ள வாசகர்கள், தாபுங் ஹாஜி என்னும் பெயரைக் கேட்டிருப்பார்கள். மலேசிய முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்காகச் சேமிக்கும் நிறுவனம் அது. உங்கு அப்துல் அஜீஸ் என்னும் பொருளாதார அறிஞர் 1959-இல் முன்வைத்த திட்டத்திலிருந்து பிறந்தது. அக்காலத்தில் கிராமத்து மக்கள், வட்டிக்கு அஞ்சி வங்கிப்பக்கம் போகாமல் பணத்தை வீட்டிலேயே ஒளித்து வைத்தார்கள். போதாதபோது நிலத்தையும் கால்நடையையும் விற்றுவிட்டு ஹஜ்ஜுக்குப் போனார்கள். திரும்பி வந்தபின் பிழைப்புக்கு வழியின்றி வாடினார்கள். வட்டி கலவாத முறையில் சிறுகச் சிறுகச் சேமிக்க ஓர் ஏற்பாடு இருந்தால் இந்நிலை மாறும் என்று அவர் கருதினார். 1963-இல் சேமிப்பு தொடங்கிற்று. ஒரு தேசத்தின் மக்கள் நெஞ்சில் சுமந்த ஆசையை, மாதந்தோறும் கட்டும் சிறு தொகையாக மாற்றிக்கொடுத்த ஏற்பாடு அது.

நம் வீட்டளவில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 50 ரூபாய் எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 18,250 ரூபாய், பத்தாண்டில் 1,82,500. இது ஹஜ்ஜுக்குப் போதாதே என்பீர்கள். போதாதுதான். ஆனால் 1,82,500 ரூபாய் கையில் உள்ளவர் மீதிக்கு என்ன வழி என்று ஆராய்வார். ஒன்றும் இல்லாதவர் விமான நிலையத்தில் பிறரை வழியனுப்பிவிட்டுக் கண் கலங்கித் திரும்புவார்.

குணங்களுக்கு ஒரு கணக்கேடு

மூன்றாம் வகைக்கு வருவோம். என்றும் முடியாத அந்த வகையில் எப்படி முன்னேறுவது? அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் (1706-1790) இளமையில் இதற்கு ஒரு வழி கண்டார். அளவாக உண்ணல், அளவாகப் பேசல், ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு, நேர்மை என்று 13 நற்குணங்களைத் தேர்ந்தார். பணிவு அதில் முதலில் இல்லை. 'உமக்குப் பெருமை அதிகம்' என்று நண்பர் ஒருவர் சொன்ன பிறகே பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. சிறு ஏடு ஒன்றில் வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கட்டம் போட்டு, அன்றன்று தவறியதற்குக் கரும்புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் தனிக்கவனம். பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டைகள் விழுந்துவிட்டனவாம்! பிறகு, ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளில் எழுதலானார்.

அவருக்குக் கடைசிவரை வசப்படாதது ஒழுங்கு. பொருள்களை இருந்த இடத்தில் வைப்பதும், வேலைகளை நேரப்படி செய்வதும் அவரால் இயலவில்லை என்று தம் சுயசரிதையில் ஒளிவின்றி எழுதுகிறார். நாளடைவில் ஆண்டுக்கு ஒரு சுற்று, பல ஆண்டுகளுக்கு ஒரு சுற்று என்று குறைந்து, பின் அதுவும் நின்றுபோயிற்று. ஆனாலும் அந்தச் சிறு ஏட்டை எப்போதும் உடன் வைத்திருந்தார். முழுமையை அடையாவிட்டாலும், முயலாதிருந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையைவிடத் தாம் மேம்பட்டதாகவே 79-ஆம் வயதில் அவர் கருதினார்.

இதைப் படிக்கும்போது மார்க்கக் கல்வி பயின்றோர்க்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் நினைவுக்கு வருவார்கள். பிராங்க்ளினுக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முன், 1111-இல் மறைந்தவர்கள் அவர்கள். நாற்பது நூற்பகுதிகளைக் கொண்ட 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் முப்பத்தெட்டாவது பகுதியை முழுவதும் இதற்கென்றே ஒதுக்கினார்கள். வணிகர் தம் கூட்டாளியிடம் நடந்துகொள்வது போல மனிதன் தன் மனத்திடம் நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் காட்டும் உவமை. காலையில் மனத்தோடு நிபந்தனை பேசிக்கொள்வது. பகலெல்லாம் அதைக் கண்காணிப்பது. இரவில் வரவுசெலவு பார்ப்பது. ஒருவர் மற்றவரைப் படித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. கடை வைத்திருக்கும் எவரும் தம் கல்லாப்பெட்டியை இரவில் எண்ணாமல் பூட்டுவதில்லை. வாழ்நாளை மட்டும் எண்ணாமல் பூட்டிவிடுகிறோம் என்பதை இருவரும் கண்டிருக்கிறார்கள்.

இங்கே மனம்விட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். 'நாளை இதைச் செய்வேன்' என்று இறைநாட்டத்தைச் சேர்க்காமல் சொல்லலாகாது என்பது அல்கஹ்ஃபு அத்தியாயத்தின் 23, 24-ஆம் வசனங்களின் கட்டளை. ஆனால் இன்று நம் நாவில் 'இன்ஷா அல்லாஹ்' என்ற சொல் என்னவாகியிருக்கிறது? கடன் கேட்டவரை மரியாதையாகத் திருப்பி அனுப்பவும், வர விருப்பமில்லாத விருந்துக்கு மறுமொழியாகவும் அதைப் பயன்படுத்துகிறோம். உறுதியோடு சேர்ந்து வர வேண்டிய சொல், உறுதி இருக்க வேண்டிய இடத்தில் வந்து அமர்ந்துவிட்டது. பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அச்சொல்லை எழுதுங்கள். அதே வரிக்குப் பின்னால் ஒரு கிழமையையும் நேரத்தையும் எழுதுங்கள்.

எழுதுவது எதற்கு, மனத்தில் இருந்தால் போதாதா என்று கேட்பவரும் உண்டு. மரண சாசனம் செய்ய ஏதேனும் உடையவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கலாகாது என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்த நபிமொழி உண்டு. கடனும் அமானிதமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது நமக்குப் புதிதன்று. உங்கள் பட்டியலின் முதல் வரியாக அதையே வைத்துக்கொண்டாலும் நல்லது. யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு மாலைப் பொழுதில் எழுதி முடித்துவிடலாம். செல்பேசியில் எழுதுவோர் அதிலேயே எழுதட்டும். என் விருப்பம் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். அதில் வேறு செய்தி எதுவும் குறுக்கே வந்து கண்ணைப் பறிப்பதில்லை.

எழுதியபின் அடிக்கவும் தயங்காதீர்கள். எதிர்வீட்டாரின் பளிங்குத் தரையைப் பார்த்துவிட்டு எழுதிய வரி, ஆறு மாதம் கழித்துப் படித்தால் தானே கூசும். இருபது வயதில் எழுதிய சில வரிகள் நாற்பதில் நமக்கு அன்னியமாகிவிடும். ஆலிம் பட்டம் பெற்றபின் அஞ்சல் வழியில் இளங்கலை வரலாறு படித்தவன் நான். அந்நாளில் என்னோடு படிக்கச் சேர்ந்த ஒருவர் முதலாண்டிலேயே விலகி, அந்த நேரத்தைத் தம் தந்தையாருக்குப் பணிவிடை செய்யக் கொடுத்தார். பட்டம் பெற்ற எவரைவிடவும் அவர் தாழ்ந்தவர் என்று எனக்குத் தோன்றியதில்லை. தெரிந்து விட்டுவிடுவது வேறு. மறந்து விட்டுப்போவது வேறு.

எங்கள் மதரஸாவின் மாலை வகுப்புக்கு வரும் சிறுமி ஒருத்தியின் பாட்டியாருக்கு வயது 56. அவர் சென்ற ஆண்டு, பேத்தியின் பழைய நோட்டின் கடைசித் தாளில் நான்கே வரிகள் எழுதச் சொல்லி வைத்துக்கொண்டார். 'அல்முல்க்' அத்தியாயத்தை மனனம் செய்ய வேண்டும். காரைக்காலில் இருக்கும் இளமைக்காலத் தோழியை, குடும்பச் சண்டையால் 22 ஆண்டுகளாகப் பார்க்காதவரை, போய்ப் பார்க்க வேண்டும். மறைந்த கணவர் யாருக்கெல்லாம் கடன் தர வேண்டியிருந்தது என்று கேட்டறிந்து தீர்க்க வேண்டும். வங்கியில் மகனின் துணையில்லாமல் தாமே பணம் எடுக்க வேண்டும்.

தோழியைப் பார்த்தாயிற்று, மாதம் ஒருமுறை இப்போது தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். கடன் இருவருக்கு இருந்தது. ஒருவருக்குத் தீர்ந்தது, மற்றவர் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். 'அல்முல்க்' 30 வசனங்கள் கொண்டது, பேத்திதான் உஸ்தாத். வாரத்துக்கு ஒரு வசனம். பழையவற்றைத் தினமும் சுபுஹுக்குப் பின் ஓதிக் காட்ட வேண்டும் என்பது சிறுமியின் கண்டிப்பான உத்தரவு. இருபத்திரண்டாம் வசனம் நடந்துகொண்டிருக்கிறது. வங்கியில்தான் சிக்கல். படிவத்தைத் தாமே நிரப்பிக் கொடுத்திருக்கிறார். கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துவரவில்லை என்று திருப்பிவிட்டார்கள். வீட்டில் ஒரு தாள் முழுவதும் கையெழுத்துப் போட்டுப் பழகி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை காலை மீண்டும் போகப் போவதாகப் பேத்தியிடம் சொல்லி அனுப்பினார்.